திறவுகோல் சங்கத்தின் பெயர்க் காரணம்

சான் ரமோன்
ஜனவரி 11, 2026

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெயலீலாவுக்கு,

சுந்தர்சிங் அண்ணன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே அம்மா. நாம் பேசிப் பதினேழு வருஷம் ஆகிறது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மில்பிடாஸ் தமிழ் சபைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். காபி நேரத்தில் வழக்கம்போல "எந்த ஊரும்மா?" என்று விசாரித்தேன். "ஷுகர் லேண்ட், டெக்சஸ், அங்கிள்" என்றாள். நம் ஆட்கள் அதோடு விடுவோமா? அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் ஊர் என்று தோண்டியதில் உன் மகள் அபிகாயில் என்று தெரிந்தது. காது அப்படியே உன் அண்ணன் வின்ஃபிரட்டின் காது. எனக்குக் கையில் இருந்த காபி சிந்திவிட்டது. விலாசம் நான்தான் கேட்டு வாங்கினேன், அவளைத் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மே மாதம் எங்கள் திறவுகோல் சகோதரர் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. உன் அண்ணன் போன இரண்டாம் மாதம், நாலு பேராக என் வீட்டு வரவேற்பறையில் ஆரம்பித்தோம். இன்று எழுபது பேர். அன்று வைத்த சட்டம் ஒன்றுதான். சேருகிறவன் தன் வீட்டுச் சாவியின் நகல் ஒன்றை இன்னொரு சகோதரனிடம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் எல்லோர் முன்னாலும் "தட்டுவேன்; திறக்காவிட்டால் வருவேன்" என்று சொல்ல வேண்டும். இப்போது பாதி வீட்டில் நம்பர் அழுத்துகிற பூட்டு. அதனால் தங்க முலாம் பூசிய சாவி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறோம். என் மகன் இவான் பார்த்துச் சிரிக்கிறான்.

வெள்ளி விழா மலர் ஒன்று போடுகிறோம். முதல் பக்கம் 'பெயர்க் காரணம்'. எழுதும் பொறுப்பு செயலாளரான எனக்கு. வரைவு இது:

'2001 மார்ச் மாதம் நம் சகோதரர் வின்ஃபிரட், வேலை இழந்த நிலையில், மில்பிடாஸில் 214-ஆம் எண் வீட்டில் தனியாக இருந்தபோது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். யாரிடமும் சாவி இல்லாததால் மூன்று நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. இனி எந்தச் சகோதரனுக்கும் இப்படி நேரக் கூடாது என்ற பாரத்தில் பிறந்ததே இந்தப் பெயர்.'

இதை அச்சிட உன் சம்மதமும் அவனுடைய நல்ல படம் ஒன்றும் வேண்டும். என் மனைவி மேபல் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஜெபத்துடன்,
சுந்தர்சிங் அண்ணன்


ஷுகர் லேண்ட்
ஜனவரி 24, 2026

சுந்தர்சிங் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

முதலில் ஒன்று. என் மகளிடம் இனி எதுவும் விசாரிக்க வேண்டாம். அவள் உங்கள் சபைக்கு வந்தது கேக்குக்காக. அவளுக்கு மாமா ஒருவர் இருந்தார், இறந்துவிட்டார் என்பதற்கு மேல் தெரியாது.

வரைவை நாலு தரம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் எப்போதும் நன்றாக எழுதுகிறவர். ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டேன். 'யாரிடமும் சாவி இல்லாததால்.'

2009-இல் சான் ஹோசேயில் அந்தக் கல்யாண வரவேற்பில் நான் உங்களிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நான் அமெரிக்கா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அபிகாயிலை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன். "கதவ எப்படித் திறந்தீங்கண்ணே?" நீங்கள் தட்டில் இருந்த பிரியாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "போலீஸ் வந்து ஒடச்சாங்கம்மா."

அடுத்த மாதம் நான் கவுண்டி அலுவலகத்துக்கு எழுதி வின்ஃபிரட்டின் சாவு பற்றிய அறிக்கையை வாங்கினேன். கதவிலும் பூட்டிலும் சேதம் எதுவும் இல்லை என்று அதில் இருக்கிறது. சாவு ஞாயிற்றுக்கிழமை காலை வாக்கில் என்றும், உடலைப் பார்த்தது புதன்கிழமை என்றும் இருக்கிறது. உடைக்காத கதவை உடைத்தார்கள் என்று சொன்னவரோடு எனக்கு என்ன பேச்சு என்றுதான் பதினேழு வருஷம் பேசாமல் இருந்தேன்.

போன் செய்யாதீர்கள். வாட்ஸ்ஆப் வேண்டாம். எழுதுங்கள். பேச்சில் நீங்கள் நழுவிவிடுவீர்கள்.

கதவை யார் திறந்தது?

ஜெயலீலா


சான் ரமோன்
பிப்ரவரி 5, 2026

அன்புத் தங்கை ஜெயலீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனசு பாரமாகிவிட்டது.

நீ கேட்பது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விஷயம். எனக்கு அறுபத்து மூன்று நடக்கிறது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் யார் திறந்தார்கள், அடுக்கக மேனேஜரா, போலீஸா, எதுவும் தெளிவாக இல்லை. கல்யாண வீட்டில் சட்டென்று கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

உனக்கு வருத்தம் என்றால் அந்தப் பாராவையே எடுத்துவிடுகிறேன். பெயருக்கு வேறு பொருள்களும் இருக்கின்றன அல்லவா? போன வாரக் கமிட்டியில் ஒரு மணி நேரம் இதுதான் பேச்சு. ஒருவர் பரலோகத்தின் திறவுகோல் என்றார். உடனே இன்னொருவர், "பிரதர், அது கத்தோலிக்கர் பக்கம் போயிரும், பாத்துக்கிடுங்க" என்று தடுத்தார். ஜெபமே திறவுகோல் என்று ஒரு கட்சி. நம் சின்னத்தில் சாவிக்கு ஏழு பல் இருப்பதால் ஏழு சபைகளைக் குறிக்கிறது என்று இளைஞர் கூட்டத்தில் ஒரு பையன் பிரசங்கமே செய்துவிட்டானாம். சின்னம் வரைந்த கவினைக் கேட்டால், "அங்கிள், அது ஏதோ லாக்ஸ்மித் வெப்சைட்ல இருந்து எடுத்தேன்" என்கிறான். நாங்கள் சிரித்த சிரிப்பு!

இருந்தாலும் ஏழு பல் விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பொதுவாகப் போட்டுவிட்டு, வின்ஃபிரட் படத்தைக் கடைசிப் பக்கத்தில் நினைவாஞ்சலியாக வைத்துவிடலாமா? யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் போய்விடும். யோசித்து எழுது.

சுந்தர்சிங் அண்ணன்


ஷுகர் லேண்ட்
பிப்ரவரி 20, 2026

சுந்தர்சிங் அவர்களுக்கு,

ஒரு கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து உங்களுக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 18 அன்று அவன் பாளையங்கோட்டைக்கு எழுதியது. அவன் இறந்து எட்டாம் நாள்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நகல் மங்கலாக இருந்தால் என்று தேவையான இடத்தை நானே எழுதுகிறேன்.

'லீலா, அம்மாட்ட சொல்லு, நான் இங்க தனியா இல்ல. சுந்தர் அண்ணன்ட்ட நம்ம வீட்டுச் சாவி ஒண்ணு கெடக்கு. சுகர் ஏறி நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தாலும் அவங்க வந்து பாத்துக்கிடுவாங்க. அம்மாவ ஒறங்கச் சொல்லு.'

அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்குள் வைத்திருந்தாள். பத்து வயதில் இருந்து ஊசி போட்டு வளர்த்த பிள்ளை. மூன்று நாள் கிடந்தான் என்று கேட்டதும் அவள் உங்களைத் திட்டவில்லை. "சாவி அந்தப் பையன்ட்ட இருந்துச்சே. அவன் ஊர்ல இல்லாமப் போயிருப்பான், பாவம்" என்றாள். பன்னிரண்டு வருஷம், சாகும்வரை, நீங்கள் அந்த வாரம் ஊரில் இல்லை என்றே நம்பினாள். நானும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நீங்கள்தான் பாட்டு நடத்தினீர்கள் என்று அங்கே இருந்தவர்களே எனக்குச் சொன்னார்கள்.

இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அபிகாயிலுக்கும் அதே வியாதி. பதினோரு வயதில் வந்தது. இப்போது அவள் மில்பிடாஸில் தனியாக ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறாள். சர்க்கரை அளவு அவள் கையில் ஒட்டியிருக்கிற கருவியில் இருந்து என் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். அலாரம் அடித்தால் நான் கூப்பிடுவேன். அவள் எடுக்காவிட்டால், இரண்டாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு நான் என்ன செய்வேன்? அவள் அப்பா எங்களை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஏழு பல்லும் ஏழு சபையும் உங்கள் மலருக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையான பெயர்க் காரணம் வேண்டும். தராவிட்டால் வின்ஃபிரட் என்ற பெயரே அந்தப் புத்தகத்தில் வரக் கூடாது.

ஜெயலீலா


சான் ரமோன்
மார்ச் 14, 2026

ஜெயலீலா,

கதவை நான்தான் திறந்தேன். இதே தேதியில், ஒரு புதன்கிழமை. என் சாவியால் திறந்தேன்.

இந்த ஒரு வரியை எழுத மூன்று வாரம் ஆனது. மீதியையும் எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

2000 டிசம்பரில் அவனுக்கு வேலை போனது. அந்தக் கம்பெனியில் பாதிப் பேரை ஒரே காலையில் அனுப்பினார்கள். வேலை போனால் விசாவும் போகும், அந்த நாளில் ஒரு நாள்கூட அவகாசம் கிடையாது. ஜனவரியில் என்னிடம் தன் ரெசுமேயைக் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் டீமில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, ஒங்க மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றான். நான் வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். என்னுடைய கிரீன் கார்ட் அப்போது நடுவழியில் நின்றது. விசா போன ஒருவனுக்காக நான் போய் நின்றால் மேனேஜர் என்ன நினைப்பாரோ, அடுத்த பட்டியலில் என் பெயர் வந்துவிடுமோ என்று பயம். இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் "குடுத்துட்டேன் தம்பி, பாக்கறேன்னு சொல்லிருக்காங்க" என்றேன்.

பிறகு அவன் ஜெபக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினான். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் இன்சுலினைப் பாதியாக்கிப் போட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மார்ச் 10, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மேபல் இடியாப்பமும் சொதியும் செய்து ஒரு தூக்குச் சட்டியில் வைத்து, "அந்தத் தம்பி ரெண்டு வாரமா வரல, போய்க் குடுத்துட்டு வாங்க" என்று விரட்டினாள். போனேன். முந்திய வருஷம் அவன் ஊருக்குப் போனபோது தபால் எடுத்து வைக்கக் கொடுத்த சாவி, என் கார் சாவியோடு சேர்ந்து அதே வளையத்தில் கிடந்தது.

தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே ஒரு இருமல் கேட்டது. ஜெயலீலா, கேட்டது. ரெசுமே சங்கதி தெரிந்துவிட்டது, என்னைப் பார்க்க இஷ்டம் இல்லாமல் உள்ளேயே இருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்து திறந்துவிடுவானே என்றுதான் கூப்பிடவில்லை. தூக்குச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன். வீட்டில் "குடுத்தீங்களா?" என்றாள். "குடுத்தேன்" என்றேன்.

புதன்கிழமை அடுக்ககத்தில் இருந்து யாரோ எங்கள் ஜெபக் கூட்டத்து ஜெபதாஸுக்குப் போன் செய்து, வாசலில் ஒரு பாத்திரம் இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கு முன்னால் ஓடிப் போய்த் திறந்தேன். அவன் படுக்கையில் இல்லை. கதவுக்கு ஐந்தாறு அடி தள்ளி, கதவைப் பார்த்துக் கிடந்தான். நான் தட்டியதைக் கேட்டு எழுந்து வந்தானா என்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து சங்கம் ஆரம்பித்தேன். பெயர் நான் வைத்தது. "தட்டுவேன், திறக்காவிட்டால் வருவேன்" என்ற வாசகமும் நான் எழுதியது. எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள்.

பெயர்க் காரணம் இதுதான்.

சுந்தர்சிங்


ஷுகர் லேண்ட்
ஏப்ரல் 9, 2026

சுந்தர்சிங் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து படித்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. பதினாறு வருஷ சர்வீஸில் சொல்லாமல் லீவு போட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் ஐசியு நர்ஸ். நீங்கள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்று வாரம் பார்த்தேன். அம்மாவுக்காக ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருஷம் சுமந்தேன், உங்களுக்காக இன்னொன்றைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்சுலின் போதாமல் போனவர்கள் எனக்கு மாதம் இரண்டு பேராவது வருவார்கள். மூச்சு ஆழமாக இழுக்கும், நாக்கு உலர்ந்துவிடும், மயக்கமாகக் கிடப்பார்கள். ஆனால் சத்தம் கேட்கும். பெயரைச் சொன்னால் கண்ணைத் திறப்பார்கள். நீங்கள் தட்டியது அவனுக்குக் கேட்டிருக்கும். எழுந்தும் இருப்பான். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்திருந்தால் செவ்வாய்க்கிழமை அவன் உட்கார்ந்து சூப் குடித்திருப்பான். எத்தனை பேருக்கு நானே அந்தச் சூப்பைக் கொடுத்திருக்கிறேன்.

இதைவிட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. யார் தட்டுவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சாவி உங்களிடம் இருப்பதும் தெரியும். அவன் பயந்திருக்க மாட்டான். இதோ அண்ணன் திறந்துகொண்டு வருகிறார் என்று காத்துக்கொண்டிருந்திருப்பான்.

இவ்வளவுதான் எழுத முடிகிறது. மலரில் என்ன போடுவது என்று உங்களுக்கே தெரியும்.

ஜெயலீலா


சான் ரமோன்
மே 12, 2026

ஜெயலீலா,

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கமிட்டியில் புதிய பெயர்க் காரணத்தைப் படித்தேன். அப்புறம் ஒருவர், "பிரதர், இது வெள்ளி விழா. ஃபேமிலியா எல்லாரும் வருவாங்க. மலர்ல இது வேண்டாமே" என்றார். ஓட்டெடுப்பில் தோற்றேன். மலரில் ஏழு பல்தான் அச்சாகியிருக்கிறது. நான் செயலாளர் பொறுப்பை விட்டேன்.

மே 9 அன்று விழா. என் பக்கத்தைத் தனித்தாளாக எழுபது பிரதி எடுத்து வைத்திருந்தேன். காலையிலேயே போய் ஒவ்வொரு மலருக்குள்ளும் செருகினேன். மேடையில் என்னை முன்னாள் செயலாளர் என்று வாழ்த்துரைக்கு அழைத்தபோது அந்தத் தாளையே படித்தேன். முன் வரிசையில் இருந்த மேபல், தூக்குச் சட்டி விஷயம் அன்றுதான் கேட்கிறாள். எழுந்து வெளியே போய்விட்டாள். இவான் அவள் பின்னால் போனான். வீட்டில் இப்போதும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

விழா முடிந்து ஜெபதாஸ் என்னிடம் வந்தார். ஆரம்பித்த நாலு பேரில் ஒருவர் அவர். அவர் வீட்டுச் சாவி முதல் நாளில் இருந்து என்னிடம்தான் இருக்கிறது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். "சுந்தர், தப்பா நெனக்காதீங்க. என் சாவியக் குடுத்துருங்க" என்றார். வளையத்தில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். இருபத்தைந்து வருஷமாகக் கிடந்ததால் எளிதில் கழறவில்லை, அவரே பிடித்துக்கொண்டு உதவினார். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் திருப்பிக் கேட்டிருப்பேன்.

இத்துடன் அந்தத் தாளின் பிரதி ஒன்றும், ஒரு சிறிய உறையில் 214-இன் சாவியும் இருக்கின்றன. அந்த வாரமே பூட்டை மாற்றிவிட்டார்கள், இது எதையும் திறக்காது. தூக்கி எறிய முடியாமல் வைத்திருந்தேன். இது உன்னிடம் இருக்க வேண்டியது. வேண்டாம் என்றால் நீயே எறிந்துவிடு.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

சுந்தர்சிங்


ஷுகர் லேண்ட்
மே 23, 2026

சுந்தர்சிங் அண்ணனுக்கு,

சாவி கிடைத்தது. அம்மாவின் பிளாஸ்டிக் உறைக்குள் அவன் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டேன்.

அண்ணன் என்று எழுதியிருப்பதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னால் முடியவில்லை. முயற்சி செய்தேன், ஜெபித்தும் பார்த்தேன். அந்த இருமல் குறுக்கே வந்துவிடுகிறது.

போன வாரம் அபிகாயிலின் அலாரம் அடித்தது. நாற்பத்தைந்து நிமிஷம் அவள் போனை எடுக்கவில்லை. ஜிம்மில் லாக்கருக்குள் வைத்திருந்தாளாம். அந்த நாற்பத்தைந்து நிமிஷம் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தேடினேன். அவளுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். வந்து தட்டுவார்கள். திறக்காவிட்டால் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போவார்கள்.

அப்போது ஒன்று தோன்றியது. கோபத்தோடுதான் தோன்றியது. தட்டிவிட்டு இன்னொரு தரம் திரும்பிப் போகவே முடியாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருக்கிறார்.

இத்துடன் இருப்பது அபிகாயில் வீட்டுச் சாவி. விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். மாமாவைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன், உங்கள் தாளையும் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். அப்புறம், "ஓகே மாம். கிவ் ஹிம் த கீ" என்றாள். என் போன் நம்பரும் கீழே இருக்கிறது. நான் கூப்பிட்டால் எடுங்கள்.

வாசகம் உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.

ஜெயலீலா


சான் ரமோன்
ஜூன் 7, 2026

ஜெயலீலா,

நேற்று நீ போனில் "அண்ணே, அலாரம்" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் நானும் உன்னைக் கூப்பிட்டு "ஆச்சும்மா, ஜூஸ் குடிச்சிட்டா, நல்லாருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியை எழுத்தில்தான் சொல்ல முடியும்.

நீ கூப்பிட்டபோது மில்பிடாஸில் காய்கறிக் கடையில் இருந்தேன். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பதினொரு நிமிஷத்தில் போய்விட்டேன். தட்டினேன். "அபிகாயில்" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சாவியைப் போட்டேன்.

ஜன்னல் பக்கம் சோபாவில் காதில் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்து, சர்க்கரை இறங்கினதற்கு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. என்னைப் பார்த்து முதலில் அலறினாள். பிறகு, "அங்கிள், ஐயாம் ஃபைன்! ஐ ஜஸ்ட் ட்ரீட்டட் இட்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து என்னை உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தமிழில், மெதுவாக, "மாமா இப்படித்தான் இருப்பாங்களா?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். ஆமாம் என்றேன்.

காரில் வந்து உட்கார்ந்து நேரத்தைப் பார்த்தேன். தட்டியதில் இருந்து கதவு திறந்ததுவரை ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வண்டியை எடுக்க முடியாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

சாவி எவ்வளவு லேசாகத் திரும்பியது தெரியுமா, ஜெயலீலா? நான் ஒன்றுமே செய்யவில்லை. போட்டேன், திரும்பியது, திறந்தது. அன்றைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கும்.

சுந்தர்சிங்